அக்கா முதுகும் தங்கச்சி முதுகும்

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? பேச வேண்டிய ஒரே ஒரு வார்த்தையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்த்தன. நான் சொல்ல வந்தது இரண்டு நீர்க்காகங்களின் கதை. அக்கா தங்கச்சி. நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

நம் கடல் மாதிரி வெதுவெதுப்பான கடல் இல்லை அது. ரொம்ப தூரத்தில் கிடக்கும் குளிர்கடல். தண்ணீருக்குள் காலை விட்டால், கால் இன்னும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் அங்கே விருந்தாளி மாதிரி, வந்த சுருக்கில் கிளம்பிவிடும். கரையை ஒட்டி ஒரு பெரிய பாறை. பாறைக்கு ஒரு பக்கம் ஆழமான திறந்த கடல். மறு பக்கம் ஆறு வந்து கலக்கிற கழிமுகம், அடியெல்லாம் சேறு. இந்த இரண்டு பக்கத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பாறை உச்சியில் இரண்டடி இடைவெளியில் இரண்டு கூடுகள். ஒன்றில் அக்கா நெட்டையம்மை. உயரம், கனத்த உடம்பு, அகலமான வாய். இன்னொன்றில் தங்கச்சி கொண்டையம்மை. ஒல்லி உடம்பு, மெல்லிய அலகு, நெற்றிக்கு மேல் சுருண்ட ஒரு கொண்டை. அந்தக் கொண்டையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, அதை விடுங்கள். அக்கா தங்கச்சி இரண்டு பேரையும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரே வீட்டில் கொடுத்தால் சண்டை வராது என்று நினைத்தார்களாம். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. அந்த இரண்டு ஆண் பறவைகளும் கூட்டில் உட்கார்ந்து பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாறையிலேயே புத்தி இருந்த ஆட்கள் அவர்கள்தான்.

அக்காளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டன. தங்கச்சிக்கு ஒன்றே ஒன்று. முதலில் இட்ட இரண்டு முட்டையும் பாறையிலிருந்து உருண்டு போய்விட்டன. மூன்றாவது முட்டை தாமதமாகப் பொரித்து, அதிலிருந்து ஒரு நோஞ்சான் குஞ்சு வந்தது. துளியாக இருந்ததால் துளி என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பாறையில் ஒரு கண்டிப்பு உண்டு. வாடைக்காற்று கிளம்பும் முன்பு பிள்ளைகள் பறந்தாக வேண்டும். கிளம்பிவிட்டால், பறக்கத் தெரியாததை அந்தக் காற்று பாறையிலிருந்து வழித்து எறிந்துவிடும். துளிக்கு இன்னும் இறகே சரியாக முளைக்கவில்லை. நாள் முழுக்க ஊட்டினால்தான் தேறும் என்கிற நிலை. கொண்டையம்மை ஒவ்வொரு நாளும் காற்றை முகர்ந்து பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள்.

அந்த நாளில் அக்காளும் தங்கச்சியும் தின்றது ஒரே மீன், சாளை. மேல் தண்ணீரில் கூட்டமாக வரும், மினுமினுவென்று. இருவரும் ஒரே இடத்தில் முங்கி ஒரே கூட்டத்தைத் துரத்துவார்கள். ஆழத்துக்குப் போக அவர்களால் முடியாது. காரணம் எண்ணெய். நீர்க்காகத்துக்கு வால் அடியில் எண்ணெய் சுரக்கும். அதை அலகில் தொட்டு இறகில் தடவிக்கொண்டால் தண்ணீர் தாமரை இலையில் உருளுகிற மாதிரி உருண்டு ஓடிவிடும். உடம்பு நனையாது, குளிராது, நெட்டித் தக்கை மாதிரி மிதக்கும். மிதக்கிற உடம்பு ஆழத்துக்கு எப்படிப் போகும்? மேலாக முங்கி, மேலாக வருகிற சாளையைப் பிடித்துச் சுகமாக இருந்தார்கள்.

இந்த எண்ணெயில் ஒரு சிக்கல் இருந்தது. நெஞ்சுக்குத் தடவலாம், சிறகுக்குத் தடவலாம். நடு முதுகுக்கு மட்டும் சொந்த அலகு எட்டாது. அதனால் அவர்களைப் பெற்றவள் ஒரு முறை வைத்துவிட்டுப் போயிருந்தாள். தினமும் காலையில் கடலுக்குப் போகும் முன்பு, முதலில் அக்காள் தங்கச்சி முதுகுக்குத் தடவ வேண்டும், பிறகு தங்கச்சி அக்காள் முதுகுக்குத் தடவ வேண்டும். வீட்டுக்காரர்கள் தடவக்கூடாதா என்று கேட்காதீர்கள். கூட்டை விட்டு எழுந்தால் பிள்ளைக்குக் குளிரும். முதுகு என்றால் அக்கா தங்கச்சி வேலைதான்.

அப்படியே பல வருஷம் நடந்து, துளி பொரித்த அந்த வருஷமும் வந்தது. ஒரு நாள் காலையில் நெட்டையம்மை தங்கச்சி முதுகுக்குப் பக்குவமாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கடைசித் தடவல் முடிகிற நேரம், பாறைக்குக் கீழே தண்ணீர் பளபளவென்று கொதித்தது. சாளைக் கூட்டம். அந்த வருஷத்திலேயே அவ்வளவு பெரிய கூட்டம் வந்ததில்லை.

"அக்கா, சாளை வந்துட்டு!" என்று துள்ளினாள் கொண்டையம்மை.

"வந்தா என்ன, ஏட்டி, எனக்குத் தடவிட்டுப் போ."

"மீன் போயிரும்க்கா. துளி நேத்து முழுக்கப் பட்டினி. ஒரே ஒரு முங்கு முங்கிட்டு இந்தா வந்திருதேன்."

அவள் வரவில்லை. வருகிற மாதிரிதான் இருந்தாள், ஆனால் ஒரு முங்கு இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. தொண்டை முட்டப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, துளிக்கு ஊட்டி, மறுபடி போனாள். அக்காள் முதுகைக் காட்டியபடி பாறையில் நின்றாள். கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள், பிறகு நேராக வைத்துக்கொள்வாள். தங்கச்சி ஒருவழியாக அவள் பக்கம் வந்தபோது கூட்டம் போய்விட்டது. அக்காளின் மூன்று பிள்ளைகளும் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தன.

"திரும்புக்கா, தடவுதேன்."

"இனி எதுக்கு? மீனு போன கடலுக்கு எண்ணெய் ஒரு கேடா?"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? பிள்ளை பசியில கெடந்துச்சு."

"எம் பிள்ளைங்க மட்டும் விருந்தா சாப்பிட்டுக் கெடக்கு?"

இதில் யார் சொல்வதும் தப்பில்லை. கொண்டையம்மை 'தப்புதான்க்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெட்டையம்மை 'போட்டும் விடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்று நடந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலை மிச்சம்.

மறுநாள் காலையில் கொண்டையம்மை வழக்கம்போல வந்து முதுகைக் காட்டி நின்றாள். நெட்டையம்மையும் வந்தாள். அவளும் முதுகைக் காட்டி நின்றாள்.

"என்னக்கா இது?"

"இன்னைக்கு மொதல்ல என் முதுகு. அப்புறம் உன் முதுகு."

"அதெப்படி? நீ மொதல்ல எனக்குத் தடவணும், அதுதானே முறை? அம்மை சொல்லிட்டுப் போனது உனக்குத் தெரியாதா?"

"அம்மை சொன்ன மீதி முறையை நேத்து நீ தூக்கிக் கடல்ல போட்டியே, அது உனக்குத் தெரியாதா?"

"உனக்கு மொதல்ல தடவினா, நீயும் என்னைப் போட்டுட்டு ஓடிருவ."

"ஓடினாலும் தப்பில்லட்டி. ஒருநாள் நின்னு பாரு, எப்படி இருக்குன்னு."

அவ்வளவுதான். இரண்டு முதுகும் எதிரும் புதிருமாக நின்றன. மீன் வந்தது, மீன் போனது. பிள்ளைகள் கத்தின. இரண்டு பேரும் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த முயல் இரண்டும் அன்றைக்கு அந்தப் பாறையில்தான் இருந்தன.

மூன்றாம் நாள் பக்கத்துப் பொந்திலிருந்து ஆலா பறந்து வந்தான். ஆலா வெள்ளை நிறத்தில் ஒரு கடல்பறவை, வால் இரண்டாகப் பிரிந்திருக்கும். நல்லவன். எல்லாருக்கும் நியாயம் சொல்லி வைக்கலாம் என்று நினைக்கிற நல்லவன்.

"ஏ தாயி, ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கிய?" என்று கேட்டான்.

நெட்டையம்மை, "ஆலாண்ணே, அவகிட்டச் சொல்லுங்க, மொதல்ல என் முதுகுக்குத் தடவினாத்தான் இனி அவ முதுகுக்கு நான் தடவுவேன்னு" என்றாள்.

ஆலா அவளைப் பார்த்தான். இரண்டடி தள்ளி நின்ற கொண்டையம்மையைப் பார்த்தான். "அவளுக்குக் கேட்டிருக்குமே?"

"நீங்க சொல்லுங்க."

சொன்னான். கொண்டையம்மை கொண்டையைச் சிலுப்பினாள். "ஆலாண்ணே, அவங்ககிட்டச் சொல்லுங்க, முறையை மாத்த முடியாதுன்னு."

"அவளுக்குக் கேட்டுதும்மா."

"நீங்க சொல்லுங்க."

அன்று பொழுது சாயும்வரை ஆலா இரண்டடி தூரத்தை இருபது முறை நடந்தான். அதற்குள் அவன் கூட்டில் இருந்த முட்டை ஆறிப்போகப் பார்த்தது. அவன் பெண்டாட்டி பொந்திலிருந்து தலையை நீட்டி, "உங்க முட்டையை யாரு பஞ்சாயத்துப் பண்ணி அடைகாக்கப் போறா?" என்று ஒரு சத்தம் போட்டாள். ஆலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏ, நான் ஒரு வழி சொல்லுதேன். ரெண்டு பேரும் வட்டமா நின்னு ஒரே நேரத்துல ஒருத்தி முதுகை ஒருத்தி தடவுங்க. எவளும் முந்தவும் வேண்டாம், எவளும் பிந்தவும் வேண்டாம்" என்றான்.

அருமையான வழி. ஒரு கணம் இரண்டு பேரும் யோசித்தார்கள். பிறகு நெட்டையம்மை கேட்டாள், "வட்டத்துக்கு மொதல்ல யாரு திரும்பணும்?"

ஆலா தலையில் அடித்துக்கொண்டு பொந்துக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எவருக்கும் நியாயம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதன்பின் தடவாத முதுகோடுதான் இரண்டு பேரும் கடலுக்குப் போய்வந்தார்கள். பழைய எண்ணெய் எத்தனை நாளுக்குத் தாங்கும்? ஒரு வாரத்தில் இரண்டு முதுகும் வறண்டுவிட்டன. முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கி இறகு முழுக்க ஊறியது. கடலில் இறங்கினால் பாறாங்கல்லாகக் கனத்தார்கள். மேலே வந்தால் குளிரில் வெடவெடவென்று நடுங்கினார்கள். மிதக்கவே முடியவில்லை என்றால் மேல் தண்ணீரில் வரும் சாளையை எப்படிப் பிடிப்பது? இருந்த ஒரு பிழைப்பையும் முதுகுச் சண்டையில் இரண்டு பேரும் தொலைத்துவிட்டார்கள்.

ஆனால் பசி என்று ஒன்று இருக்கிறதே, அது வழி கண்டுபிடிக்காமல் விடாது. கொண்டையம்மை ஒல்லி. நனைந்தபின் அவள் பாதி ஆழம்வரை இறங்கினாள். திறந்த கடலின் நடுத் தண்ணீரில் விரல் நீள மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிவதை அங்கே கண்டாள். பொடி மீன்தான், ஆனால் கொழுப்பு. மெல்லிய அலகால் ஒவ்வொன்றாகக் கொத்திப் பிடித்தாள். அது நல்ல பிழைப்புதான், கடல் அமைதியாக இருக்கிறவரைக்கும்.

நெட்டையம்மை கனத்தவள். திறந்த கடலில் அவளுக்கு வேகம் போதவில்லை. சலித்துப்போய்க் கழிமுகத்துப் பக்கம் இறங்கினாள். இறங்கினாள் என்று கௌரவமாகச் சொல்கிறேன், முழுகிப் போனாள். நேராக அடிச் சேற்றில் போய் உட்கார்ந்தாள். 'நம் கதை முடிந்தது' என்று நினைக்கையில் காலடியில் சேறு நகர்ந்தது. சேறு இல்லை, நாக்குமீன். தட்டையாக, அகலமாக, மண் நிறத்தில் கிடந்தது. அதுவரை எந்த நீர்க்காகமும் தொடாத மீன். அலகை அகலமாகத் திறந்து ஒரே கவ்வில் பிடித்தாள். அவள் வாய்க்கும் அவள் பிள்ளைகள் வாய்க்கும் அளவெடுத்த மாதிரி இருந்தது. அன்று முதல் கழிமுகம் அவளுக்கு அடுக்களை ஆயிற்று. ஒவ்வொரு முங்குக்கும் ஒரு மீன், காற்றடித்தாலும் அலையடித்தாலும் அந்தச் சேற்றில் எதுவும் கலங்காது.

இப்போது சண்டைக்கு முகாந்திரம் ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். அவளுக்கு நடுத்தண்ணீர், இவளுக்கு அடிச்சேறு. அவள் மீன் வேறு, இவள் மீன் வேறு. ஒருத்தி தட்டில் ஒருத்தி கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இனிமேலாவது, 'ஏட்டி, மீன் பிரச்சினை தீந்துட்டு, முதுகைக் காட்டு' என்று சொல்லலாம் அல்லவா? சொல்லவில்லையே! ஒவ்வொரு முங்குக்குப் பிறகும் தனித்தனியாக நடுங்கினார்கள். பல்லைக் கடித்தார்கள் என்று சொல்வேன், பறவைக்குப் பல் இல்லை.

அப்படியிருக்கையில் காற்று முந்திக்கொண்டது. வாடை இன்னும் வரவில்லை, ஆனால் அதன் முன்னோடியாக ஒரு புயல் வந்து திறந்த கடலை நான்கு நாள் கலக்கிற்று. பொடிமீன் கூட்டமெல்லாம் எங்கோ ஒதுங்கிவிட்டது. கொண்டையம்மை காலையில் போவாள், நாள் முழுக்க முங்குவாள், ஊறிப்போய் வெறும் வாயோடு வருவாள். துளி முதல் நாள் கத்தியது. இரண்டாம் நாள் முனகியது. மூன்றாம் நாள் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

இரண்டடி தள்ளி அக்காள் கூட்டில் மூன்று பிள்ளைகளும் நாக்குமீனைத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன. நெட்டையம்மைக்குச் சோறு இறங்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டும்போதெல்லாம் கண் அந்தக் கூட்டுப் பக்கம் போய் நின்றது. ஆலாவின் பொந்துக்குப் போனாள்.

"ஆலாண்ணே, அவகிட்டக் கேளுங்க, நாக்குமீனு வேணுமான்னு."

பொந்துக்குள்ளிருந்து, "உனக்கு வாய் இருக்கு, நீயே கேளு" என்று பதில் வந்தது. நியாயம்தானே?

கேட்டாளா? மாட்டாள். நெட்டையம்மை என்று பேர் வைத்தார்கள், நெஞ்சழுத்தம் என்று வைத்திருக்க வேண்டும். நான்காம் நாள், கொண்டையம்மை கடலுக்குப் போகும்வரை அக்காள் காத்திருந்தாள். கழிமுகத்தில் முங்கி, இருப்பதிலேயே நல்ல, கொழுத்த நாக்குமீனாகத் தேடிப் பிடித்தாள். தன் பிள்ளைகளுக்குக்கூட அப்படி ஒரு மீன் தந்ததில்லை. அதைத் தங்கச்சி கூட்டுக்குக் கொண்டுவந்தாள். தங்கச்சி வீட்டுக்காரன் தலையைத் திருப்பிக்கொண்டான், பார்க்காத மாதிரி. "துளி, ஆ காட்டு. பெரியம்மை மீனு கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி, தன் பிள்ளைகளுக்கு ஊட்டுகிற அதே வேகத்தில், முழுசாகத் துளியின் வாய்க்குள் தள்ளிவிட்டாள்.

அவளுக்கு அகல வாய். அவள் பிள்ளைகளுக்கு அகல வாய். துளிக்கு அம்மை மாதிரி ஒடுங்கின வாய், பொடிமீன் மட்டும் போகிற தொண்டை. இது அவளுக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் எல்லாரும் விழுங்குவதை அடுத்த வீட்டிலும் விழுங்குவார்கள் என்று நினைக்கிற புத்தி. மீன் பாதி உள்ளே போய்க் குறுக்காக நின்றுவிட்டது. துளியின் கண் பிதுங்கியது. சத்தம் வரவில்லை.

"ஐயோ! ஏட்டி கொண்டை! ஓடி வாட்டி!" என்று நெட்டையம்மை போட்ட சத்தம் புயலையும் தாண்டிக் கேட்டது. இத்தனை நாளில் தங்கச்சியைப் பார்த்து அவள் நேராகச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

கொண்டையம்மை அலையைக் கிழித்துக்கொண்டு வந்து விழுந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. மீனின் வால் வெளியே தெரிந்தது.

"நீ துளி தலையைப் புடிக்கா!"

"புடிச்சிட்டேன். நேரா இழுக்காதட்டி, செதிலு குத்தும். திருப்பு, மெள்ளத் திருப்பு."

"திரும்ப மாட்டேங்குதேக்கா!"

"திரும்பும். அழாத. நான் அமுக்குதேன், நீ இழு. இந்தா, இப்ப!"

மீன் வந்துவிட்டது. துளி ஒரு மூச்சு இழுத்தது, இருமியது, இன்னொரு மூச்சு இழுத்தது, பிறகு கீச்சென்று கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டு அக்காளும் தங்கச்சியும் அப்படியே சரிந்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். இரண்டு கழுத்தும் பின்னிக் கிடந்தன. நெட்டையம்மையின் அலகு தங்கச்சியின் நடு முதுகின்மேல் போய்க் கிடந்தது. வறண்டு, இறகெல்லாம் கட்டிகட்டியாகப் பிரிந்து, தோல் தெரிந்த முதுகு.

அக்காள் அந்த முதுகைப் பார்த்தாள். தன்னையறியாமல் வாலடிக்கு அலகைக் கொண்டுபோய் எண்ணெயைத் தொட்டாள். ஒரே ஒரு தடவல் தடவவும் செய்தாள். கொண்டையம்மையின் கண் தானாக மூடியது. எவ்வளவு நாள் ஆயிற்று! ஆலாவும் அவன் பெண்டாட்டியும் பொந்திலிருந்து எட்டிப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"ஆமா," என்று கண்ணைத் திறந்தாள் கொண்டையம்மை. "அந்த மீனு எப்படி என் பிள்ளை வாய்க்குள்ள போச்சு?"

போச்சு. வேதாளம் மறுபடியும் முருங்கைமரம் ஏறிவிட்டது.

"பட்டினி கெடந்துச்சேன்னு நான்தான் கொடுத்தேன்."

"என்கிட்டக் கேட்டியா?"

"கேட்டா வாங்கியிருப்பியா?"

"இம்புட்டு அகலத்துல ஒரு சேத்து மீனைப் பச்சப் புள்ள வாயில திணிச்சிருக்கியே, நீ ஊட்ட வந்தியா, கொல்ல வந்தியா?"

இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன மறுகணமே அவளுக்கும் அது தெரிந்தது. வாயிலிருந்து விழுந்ததை அலகால் பொறுக்க முடியுமா? நெட்டையம்மை எழுந்தாள். எண்ணெய் ஒட்டியிருந்த அலகைப் பாறையில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள்.

"சரிட்டி. இனிமே உன் தண்ணி உனக்கு, என் தண்ணி எனக்கு. உன் மீனை நான் தொட மாட்டேன், என் மீனு உன் பிள்ளை வாய்க்கு வராது. உன் முதுகு உன் பாடு."

"அப்படியே ஆகட்டும். என் முதுகு என் பாடு" என்றாள் கொண்டையம்மை. முதுகு எட்டாது என்று தெரிந்துகொண்டே சொன்னாள் பாருங்கள்.

மறுநாள் புயல் ஓய்ந்தது. திறந்த கடலுக்குப் பொடிமீன் திரும்பிற்று. கொண்டையம்மை உயிரைக் கொடுத்து உழைத்தாள். ஊறின இறகோடு முங்குவாள், நடுங்கிக்கொண்டு வந்து ஊட்டுவாள், உடம்பு காயுமுன்னே மறுபடி முங்குவாள். துளிக்கு இறகு முளைத்தது. வாடைக்காற்று கிளம்பிய அன்று காலையில் அது பாறை விளிம்புக்குப் போய், இரண்டு முறை தயங்கி, மூன்றாம் முறை பறந்தேவிட்டது. கழிமுகத்தின்மேல் ஒரு வட்டம் போட்டு அது பெரியம்மை தலைக்கு மேலாகப் போனபோது, நெட்டையம்மை வேறு எங்கோ பார்க்கிற மாதிரி நின்று, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் போய்விட்டன. இனி ஊட்டுகிற அவசரம் இல்லை, மீன் சண்டை இல்லை, எதுவும் இல்லை. வெறுமையான பாறையும், வெடவெடக்க வைக்கும் குளிரும், இரண்டு வறண்ட முதுகும்தான் மிச்சம். கொண்டையம்மைக்குத் தான் சொன்ன வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. நேராகப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு யோசனை செய்தாள். கடலிலிருந்து வந்ததும் அக்காள் பக்கமாக முதுகைத் திருப்பினாள். நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு சிறகையும் அகல விரித்தாள். 'அக்கா பார்ப்பாள். இரக்கம் வரும். அலகு வந்து தொடும்' என்று கடலைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

நெட்டையம்மைக்கும் உறுத்தல்தான். பிள்ளை வாயின் அளவு பார்க்காமல் திணித்தது தன் தப்பு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவளும் அதே நேரத்தில், அதே யோசனையில், தங்கச்சி பக்கமாக முதுகைத் திருப்பினாள். இரண்டு சிறகையும் அகல விரித்தாள். 'சின்னவள்தானே, அவளே வரட்டும். வந்தால் போதும், முறையாவது மண்ணாவது' என்று கழிமுகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

அவள் இவளைப் பார்க்கவில்லை, இவள் அவளைப் பார்க்கவில்லை. முதுகுக்கு ஏது கண்? பொந்துக்குள்ளிருந்து ஆலா மட்டும் இரண்டையும் பார்த்தான். "ஏ, திரும்பிப் பாருங்களேன்!" என்று கத்த வாயைத் திறந்தான். அவன் பெண்டாட்டி அவன் வாலைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

அன்று முதல்தான், ஒரே பாறையில் குடியிருந்தாலும் பெரிய நீர்க்காகம் கழிமுகச் சேற்றில் அடிமீனைத் தேடுகிறது, கொண்டை நீர்க்காகம் திறந்த கடலில் நடுத்தண்ணீர் மீனைத் தேடுகிறது. ஒன்றின் மீனை ஒன்று தொடுவதில்லை. வயிறு நிறைந்ததும் இரண்டும் அதே பாறைக்குத்தான் வருகின்றன. வந்து, ஊறின சிறகை விரித்து, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. வெயில் காய்கின்றன என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வெயிலே இல்லாத நாளிலும் நிற்கின்றனவே, அது எதற்காம்? ஒருத்தியாவது ஒரு தடவை கழுத்தைத் திருப்பினால் போதும். திருப்புகிறாளா பாருங்கள்!